முதல்வர் நாற்காலியா, இருக்கிற இடமா: கடலூர்ப் பேராசிரியை ஒருத்தியின் கணக்கு

விண்ணப்பம் போய்ச் சேர இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் சாப்பாட்டு மேசை மேல் மூன்று ஃபைல்கள் கிடக்கின்றன. ஒன்றில், கடலூர் வட்டாரத்தில் அரசு உதவி பெறும் மகளிர் கல்லூரி ஒன்றின் முதல்வர் பதவிக்கான விளம்பர நறுக்கு. இன்னொன்றில், புதுச்சேரிப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியிலிருந்து தெரிந்தவர் மூலமாக வந்த அழைப்பு. அதுவும் முதல்வர் பதவிதான். மூன்றாவதில், நான் இருபத்து நான்கு வருஷமாக வேலை பார்க்கும் இருபாலர் கல்லூரியில் எங்கள் முதல்வர் சார் நீட்டியிருக்கும் ஐக்யூஏசி (கல்லூரியின் தரத்தைக் கவனிக்கும் உள்குழு) ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு. ஃபைல் இல்லாத நாலாவது வழியும் உண்டு: எதையும் ஏற்காமல் பொருளியல் துறைத் தலைவராகவே இருந்துவிடுவது.

எனக்கு வயது 51. தமிழ்நாட்டில் ஓய்வு வயதை 2021-ல் 60 ஆக்கினார்கள். இல்லாவிட்டால் இந்த யோசனையே வந்திருக்காது. ஒன்பது வருஷம் கையில் இருக்கிறது. வீட்டில் ஆளுக்கொரு கருத்து. மாமியாருக்கு, மருமகள் காலேஜ் பிரின்சிபால் என்று தெருவில் சொல்லிக்கொள்ள ஆசை. நெய்வேலிக்கு ஷிப்ட் போய்வரும் என் வீட்டுக்காரர், "ராத்திரி பத்து மணிக்கு ஹாஸ்டல்ல இருந்து போன் வரும், யோசிச்சுக்கோ" என்பதோடு நிறுத்திக்கொண்டார். பிளஸ் டூ படிக்கும் மகள் கேட்டதுதான் எனக்கு உறைத்தது: "ம்மா, அங்க போய் நீ என்ன பண்ணுவ?"

இந்தக் கடலோரத்தில் இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உயர்கல்வியில் பெண்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 4.33 கோடி மாணவர்கள், அதில் 2.07 கோடி பேர் பெண்கள். கல்லூரி வயதில் இருப்பவர்களில் எத்தனை சதவீதம் சேர்கிறார்கள் என்று பார்த்தால் நாட்டுக்கு 28.4, தமிழ்நாட்டுக்கு 47, புதுச்சேரிக்கு 61.5. ஆசிரியர்களில் 100 ஆண்களுக்கு 77 பெண்கள். வகுப்பறை நிரம்பி, ஸ்டாஃப் ரூமும் முக்கால்வாசி நிரம்பிவிட்டது. ஏர்கண்டிஷனர் உள்ள அந்த ஒற்றை அறை மட்டும் இன்னும் பாக்கி.

எதை வைத்து அளப்பது

சம்பளம், தூரம், மரியாதை என்று மூன்று பத்தி போட்டு ஒப்பிடுவதுதான் வழக்கம். நானும் போட்டேன். ஒன்றும் தேறவில்லை. இணைப் பேராசிரியராக மேல்நிலை ஊதியத்தில் இருப்பவருக்கு உதவி பெறும் கல்லூரி முதல்வர் ஆவதால் சம்பளத்தில் பெரிதாக எதுவும் கூடிவிடாது. தூரம் எல்லாமே கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான். மரியாதை பற்றிச் சொல்லவேண்டாம். நம் ஊரில் யாருக்கு எப்போது அது கூடும், குறையும் என்று யாருக்குத் தெரியும்.

அப்புறம் ஒரு பழைய சம்பவம் ஞாபகம் வந்தது. சில வருஷங்களுக்கு முன் நான் ஐக்யூஏசி குழுவில் சாதாரண உறுப்பினர். கல்லூரிகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் நாக் குழு வரப்போகிறது என்று ஊரே சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த சமயம். அவர்களுடைய ஏழாவது அளவுகோலில் பாலின சமத்துவத்துக்கு என்ன செய்திருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி இருக்கும். அதற்காக மாணவியர் கழிப்பறையில் வைக்க நாப்கின் எரிக்கும் எந்திரம் ஒன்று வாங்கினோம். சுவரில் மாட்டி, இடம் தேதியோடு பதிவாகும்படி போட்டோ எடுத்து, போர்ட்டலில் ஏற்றியாயிற்று. அதற்குப் பிறகுதான் பார்த்தோம், அந்தச் சுவரில் பிளக் பாயிண்ட் கிடையாது.

வயர் இழுத்து ஒரு பாயிண்ட் போட எலக்ட்ரீஷியன் கேட்டது 4,800 ரூபாய். நான் ஒரு குறிப்பு எழுதி ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்தேன். அவர் முதல்வருக்கு, முதல்வர் கணக்கு பார்க்கும் பர்சருக்கு, பர்சர் நிர்வாகச் செயலருக்கு. செயலரிடமிருந்து "மூன்று கொட்டேஷன் பெறவும்" என்று சிவப்பு மையில் திரும்பி வந்தது. 4,800 ரூபாய் வேலைக்கு மூன்று கொட்டேஷன் கொடுக்க எந்த எலக்ட்ரீஷியன் வருவான்? ஏழு மாசம். அத்தனை நாளும் எந்திரம் பாலித்தீன் உறையோடு சுவரில் தொங்கியது. மாணவிகள் அதன் மேல் துப்பட்டாவை மாட்டிவிட்டுப் போவார்கள். நாக் குழு வந்து, பார்த்து, பாராட்டிவிட்டுப் போனது. கடைசியில் எங்கள் பழைய மாணவர் ஒருவர், இப்போது வயரிங் காண்ட்ராக்ட் எடுப்பவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து காசு வாங்காமல் போட்டுக்கொடுத்தார்.

அதனால் இந்த முறை என் அளவுகோல் ஒன்றே ஒன்று. இந்தப் பதவியில் நான் இருந்தால் அந்த பிளக் பாயிண்ட் எத்தனை நாளில் வரும்?

சிரிப்பாக இருக்கலாம். ஆனால் பெண் தலைமை திறமையானதா இல்லையா என்று ஒவ்வொரு மார்ச் 8-க்கும் கோலப்போட்டியோடு சேர்த்து நாம் நடத்தும் பட்டிமன்றத்தை விட இது உருப்படியான கேள்வி. அந்தப் பட்டிமன்றத்துக்குத் தீர்ப்பு எப்போதோ வந்துவிட்டது. 2014-ல் வெளியான ஒரு பகுப்பாய்வு, 95 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தது. மொத்தமாக எடுத்தால் ஆண், பெண் தலைவர்களின் திறனில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. மற்றவர்கள் மதிப்பெண் போட்டால் பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக விழுகிறது. அவரவரே தமக்குப் போட்டுக்கொண்டால் ஆண்கள் தாராளமாகப் போட்டுக்கொள்கிறார்கள். என் நேர்காணல் பயத்துக்கும் அங்கே விடை இருக்கிறது.

இன்னொரு விஷயம் மேற்கு வங்கத்துப் பஞ்சாயத்துகளில் தெரியவந்தது. தலைவர் பதவியில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று சுழற்சி முறையில் ஒதுக்கியதால், சில ஊர்களில் பெண் தலைவர் வந்தார், சில ஊர்களில் வரவில்லை. ஆய்வாளர்களுக்கு வசதியாகப் போயிற்று. முதன்முறை பெண் தலைவரைப் பார்த்த ஊர்க்காரர்கள் அவருக்கு ஆணை விடக் குறைவாகவே மதிப்பெண் கொடுத்தார்கள். இரண்டு முறை பார்த்த ஊர்களில் அந்த ஓரவஞ்சனை காணாமல் போயிருந்தது. முதலில் வருகிறவளுக்கு அடி, இரண்டாவதாக வருகிறவளுக்கு வேலை. கல்லூரிக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். அதனால் ஒவ்வோர் இடத்திலும் இதையும் சேர்த்துக் கேட்டேன்: எனக்கு முன் அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாளா?

மகளிர் கல்லூரி முதல்வர் பதவி

இங்கே அந்தக் கேள்விக்குப் பதில் சுலபம். தொடங்கிய நாளிலிருந்து பெண்களே முதல்வர்கள். "பொம்பள நிர்வாகம்" என்று யாரும் முனகுவதில்லை. முனகுவதென்றால் நிர்வாகத்தைப் பற்றித்தான் முனகுவார்கள். அது பெரிய விடுதலை. தமிழ்நாட்டில் பெண்கள் கல்லூரியை நடத்திப் பழகிய இடமே மகளிர் கல்லூரிகள்தான். சென்னையில் இராணி மேரிக் கல்லூரி 1914-ல் தொடங்கியபோது முதல்வராக வந்த டாரத்தி டி லா ஹே 1936 வரை அந்த நாற்காலியில் இருந்தார். இருபத்திரண்டு வருஷம்! இப்போது ஐந்து வருஷத்துக்கே இத்தனை யோசனை.

ஐந்து வருஷம் என்பது யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளில் உள்ளது. முதல்வர் பதவிக்காலம் ஐந்து வருஷம், மதிப்பீட்டுக்குப் பிறகு இன்னொரு ஐந்து வருஷம் தரலாம். தகுதிக்கு முனைவர் பட்டம், 15 வருஷ அனுபவம், குறைந்தது 10 ஆய்வுக்கட்டுரைகள், 110 ஆய்வு மதிப்பெண். இந்த 110-ல்தான் நம்மில் பலர் தடுக்கி விழுகிறோம். இருவர் சேர்ந்து எழுதிய கட்டுரைக்கு ஆளுக்கு 70 சதவீதம்தான். மூன்று பேர், நான்கு பேர் என்றால் முதல் ஆசிரியருக்கு 70, மற்றவர்களுக்கு 30. குழந்தை பிறந்து, மாமனார் படுக்கையில் விழுந்து, நான் சொந்தமாக ஒரு வரி எழுதாத ஆறு வருஷத்தில் மற்றவர்கள் கட்டுரையில் மூன்றாவது பெயராக ஒட்டிக்கொண்டிருந்தேன். அதெல்லாம் முப்பது முப்பது சதவீதமாகத்தான் சேர்கிறது. பட்டம் பெற்ற ஆய்வு மாணவர் ஒருவருக்குப் பத்து மதிப்பெண் உண்டு. என் பிள்ளைகள் மூன்று பேர்தான் என்னைக் கரை சேர்த்தார்கள். எண்ணிப் பார்க்காமலே "எனக்குத் தகுதி வராது" என்று ஒதுங்கிய இரண்டு தோழிகளை எனக்குத் தெரியும். முதலில் ஒரு ராத்திரி உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்.

சரி, பிளக் பாயிண்ட்? அதற்காக, ஓய்வு பெறப்போகும் தற்போதைய முதல்வரையே போய்ப் பார்த்தேன். ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார். உதவி பெறும் கல்லூரியில் முதல்வர் ஒரு பக்கம், செயலர் ஒரு பக்கம். 1976-ஆம் வருஷத்துத் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி கல்லூரிக் குழு என்று ஒன்று உண்டு, முதல்வரும் அதில் உறுப்பினர். பாடம், தேர்வு, மாணவியர், ஆசிரியர் விடுப்பு எல்லாம் முதல்வர் கையில். சுவர், கூரை, வயர், தண்ணீர் தொட்டி எல்லாம் செயலர் கையில்.

"ஃபெஞ்சல் புயல் அன்னிக்கு நான் பட்ட பாடு தெரியுமா மேடம்" என்று ஆரம்பித்தார். 2024 நவம்பர் 30 ராத்திரி. புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து நகராமல் நின்றுகொண்டது. ஊருக்குப் போக முடியாத மாணவியர் முப்பது பேருக்கு மேல் விடுதியில். கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. வாங்கச் செயலர் ஒப்புதல் வேண்டும்; செயலர் சென்னையில், போன் கிடைக்கவில்லை. இந்த அம்மா விடுதிக் காவலாளியை முழங்கால் தண்ணீரில் அனுப்பி, கைக்காசில் இரண்டு கேன் டீசல் வாங்கி ஓட்டினார். அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது அதே கைக்காசில் பால், ரொட்டி, கொசுவர்த்தி. அந்தப் பணம் அவர் கணக்குக்கு வந்தது பிப்ரவரி மாசம், ஒரு பில் "கையால் எழுதப்பட்டது" என்று கழித்துக்கொண்டு.

ஆனால் அதற்கு அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. கழித்த பில்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், கல்லூரிக் குழுவின் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் வைத்தார்: அவசரச் செலவுக்கு முதல்வர் தன் கையெழுத்தில் 10,000 ரூபாய் வரை செலவு செய்து பிறகு கணக்கு காட்டலாம். பெரிய விவாதம் இல்லாமல் நிறைவேறியது. "என் காலத்துல கேக்காததுக்கு நான்தான் காரணம். நாலு வருஷம் கேக்கவே தோணல" என்றார். ஆக, இப்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் பிளக் பாயிண்ட் இரண்டு நாளில் வரும். அந்தத் தீர்மானம் அடுத்த முதல்வருக்கும் செல்லுமா, ஆளோடு போய்விடுமா என்பதுதான் கேள்வி.

இந்தப் பதவியின் இன்னொரு கனம், வருகிற பிள்ளைகள். பண்ணுருட்டி, நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி கிராமங்களிலிருந்து முதல் தலைமுறையாக வருகிறவர்கள். 2022 செப்டம்பர் 5-ல் புதுமைப் பெண் திட்டம் தொடங்கியதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு மாசம் 1,000 ரூபாய் வருகிறது. அதற்கான விண்ணப்பம், ஆதார், வங்கிக் கணக்கு, பெயரில் ஓர் எழுத்து பிசகினால் திருத்தம் என்று எல்லாமே கல்லூரி வழியாகத்தான். ஒரு முதல்வர் அக்கறையோடு இருந்தால் ஜூலையில் சேர்ந்த பெண்ணுக்குச் சீக்கிரம் பணம் வரும். இல்லாவிட்டால் பொங்கல் தாண்டும். இதை யாரும் தலைமைப் பண்பு என்று எழுத மாட்டார்கள்.

இந்த வழிக்கு எதிராக ஒரே ஒரு வாதம், அதுவும் கனமான வாதம். சொன்னது என் துறையில் இருக்கும் இளையவள். "அக்கா, நீங்களும் லேடீஸ் காலேஜுக்குப் போயிட்டா, நம்ம காலேஜ்ல யாரு முதல்ல அந்த சீட்ல உட்கார்றது?" எங்கள் கல்லூரியில் இதுவரை பெண் முதல்வர் கிடையாது. அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இருபாலர் நிறுவனங்களின் கதவு எவ்வளவு மெதுவாகத் திறந்தது என்று பாருங்கள். பரோடா பல்கலைக்கழகத்துக்கு ஹன்சா மேத்தா 1949-லேயே துணைவேந்தர் ஆகிவிட்டார். அதைப் பார்த்து எல்லோரும் திருந்தியிருக்க வேண்டும். 1969-ல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்குப் பெண் துணைவேந்தர் வர 2022 ஆயிற்று. ஐஐடிகளில் முதல் பெண் இயக்குநராக ப்ரீத்தி அகாலயம் வந்தது 2023-ல், அதுவும் சென்னை ஐஐடி சான்சிபாரில் தொடங்கிய வளாகத்துக்கு. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகக் கதை இன்னும் வேடிக்கை: 1920-ல் அதன் முதல் வேந்தரே ஒரு பெண், போபால் அரசி சுல்தான் ஜகான் பேகம். பட்டமளிப்பு அங்கி போடும் வேந்தர் பதவிக்கு முதல் நாளே பெண். ஃபைலில் கையெழுத்துப் போடும் துணைவேந்தர் பதவிக்குப் பெண் வர 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எங்கள் முதல்வர் ஓய்வு பெற இன்னும் ஆறு வருஷம். அப்போது எனக்கு 57. நிர்வாகம் என்னைத்தான் தேர்ந்தெடுக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. தேர்ந்தெடுத்தாலும் மூன்று வருஷம். முதல் பெண் என்ற அடியை வாங்கிக்கொள்ளவே அது போதும். இளையவளிடம் இதைச் சொன்னபோது முகம் வாடிவிட்டது.

சுயநிதிக் கல்லூரி அழைப்பு

இதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கார் தருகிறார்கள். பஸ் ஸ்டாண்ட் எதிரே பேனரில் படம் போடுவார்கள். பிளக் பாயிண்ட் அன்று சாயங்காலமே வந்துவிடும். சேர்மன் ஒரு போன் போட்டால் ஆள் வந்து நிற்பார். வேகத்தில் இவர்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. ஆனால் போன் போடுவது சேர்மன். நான் போட்டால் வருவாரா என்று கேட்டேன். தெரிந்தவர் பேச்சை மாற்றினார். ஏப்ரல், மே மாசங்களில் பள்ளி பள்ளியாகப் போய் அட்மிஷன் பிடிக்க வேண்டும். பேறுகால விடுப்பு கேட்கும் விரிவுரையாளரைக் காப்பாற்ற முதல்வரால் முடியுமா என்ற கேள்விக்கும் நேரான பதில் இல்லை.

ஏன் இந்தப் பதவி காலியானது என்று விசாரித்தேன். மூன்று வருஷத்தில் மூன்று முதல்வர்கள். சேர்க்கை பாதியாகிவிட்டது. இப்போதுதான் "ஒரு லேடி பிரின்சிபால் இருந்தா நல்லா இருக்கும்" என்று தோன்றியிருக்கிறது. பிரிட்டனில் 2005-ல் இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கவனித்தார்கள்: நிறுவனம் சரியத் தொடங்கிய பிறகு மேல்மட்டக் குழுவுக்குப் பெண்களைக் கூப்பிடுகிறார்கள். நம் பாட்டிகள் ஆய்வு இல்லாமலே சொல்லியிருப்பார்கள், குடி முழுகுகிற வீட்டுக்குத்தான் மருமகள் ராசி பார்த்து எடுப்பார்கள் என்று. இந்த ஃபைலை மூடிவிட்டேன்.

அரசுக் கல்லூரியில் இருக்கும் தோழிகளுக்கு இங்கே ஒரு வார்த்தை. அவர்களுக்கு விண்ணப்பம், நேர்காணல் எல்லாம் இல்லை. பணிமூப்புப் பட்டியலில் பெயர் வரும்போது ஏற்பதா, மறுப்பதா என்பதுதான் முடிவு. தமிழ்நாட்டில் என்றால் வேறு மாவட்டம். புதுச்சேரியில் என்றால் நிலைமையே வேறு, ஏனென்றால் அந்த அரசின் கல்லூரிகள் காரைக்காலில், கேரளக் கரையில் மாஹேயில், ஆந்திரத்தில் யானத்தில் என்று நாலு திசையில் கிடக்கின்றன. பாரதிதாசன் மகளிர் கல்லூரியிலோ தாகூர் கல்லூரியிலோ இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அங்கே வேலை பார்க்கும் என் தோழிக்கு வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் அம்மா. பதவி உயர்வு யானத்துக்கு என்றால் என்ன செய்வாள்? இதைத் "தனிப்பட்ட காரணங்களால் மறுத்தார்" என்று ஃபைலில் எழுதுவார்கள். பிறகு பெண்கள் பொறுப்பேற்க முன்வருவதில்லை என்று கூட்டத்தில் பேசுவார்கள்.

ஐக்யூஏசி ஒருங்கிணைப்பாளர்

இது வெளியிலிருந்து பார்க்கக் கவுரவமான பொறுப்பு. உள்ளே, வருஷத்துக்கு ஒருமுறை ஏக்யூஏஆர் என்கிற தர அறிக்கை, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நாக், நடுவில் எல்லாத் துறைகளையும் துரத்தித் துரத்தித் தரவு கேட்பது. டிசம்பர் கடைசியில் போர்ட்டல் மூடும்போது ராத்திரி ஒரு மணிக்கு பிடிஎஃப் சைஸைக் குறைத்துக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் ஒரு பெண். "மேடம் நீங்கன்னா பெர்ஃபெக்டா பண்ணுவீங்க" என்று நம்மிடம் நீட்டப்படும் வேலை இது. ஆறாவது அளவுகோலுக்கு "ஆளுகை, தலைமை, மேலாண்மை" என்றே பெயர். தலைமை எப்படி நடந்தது என்று எழுதுகிற வேலையை ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, தலைமையை வேறொருவர் செய்வார்.

இதில் கிடைப்பதையும் சொல்லிவிட வேண்டும். கல்லூரியின் மொத்தக் கணக்கும் கண்ணுக்குத் தெரியும். எந்தத் துறையில் என்ன ஓட்டை என்று தெரிந்துவிடும். நாற்பது வயதில் ஒரு பெண்ணுக்கு இது கிடைத்தால் இரண்டு வருஷம் எடுத்துக்கொள் என்பேன், முதல்வர் ஆவதற்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. 51 வயதில், துறைத் தலைமையை விட்டுக்கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்வது வேறு. பிளக் பாயிண்ட் கணக்குக்கு விடை ஏற்கெனவே தெரியும்: ஏழு மாசம், ஒரு பழைய மாணவரின் தயவு.

இதோடு இலவச இணைப்பாக, பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவின் தலைமையும் வருகிறது. "சும்மா பேருக்குத்தான் மேடம்" என்றார்கள். பேருக்கு என்றால் அது வேண்டவே வேண்டாம். 2015 யுஜிசி விதிமுறைப்படி கல்லூரியில் அந்தக் குழுவின் தலைவர் இணைப் பேராசிரியர் நிலைக்குக் குறையாத பெண்ணாக இருக்க வேண்டும். எங்கள் கல்லூரியில் அப்படி இருக்கும் பெண்கள் மொத்தம் நாலு பேர். அதே விதிமுறையில் இன்னொரு வரியும் உண்டு: துறைத் தலைவர், புல முதன்மையர், பதிவாளர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் அந்தக் குழுவில் இருக்கக்கூடாது. முதல்வர் சாரிடம் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் காட்டினேன். "அப்படியா?" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கள் குழுவில் இப்போது இரண்டு துறைத் தலைவர்கள் உறுப்பினர்கள்.

இருக்கிற இடம்

துறைத் தலைவராகவே இருந்துவிடுவதைத் தோல்வி மாதிரி பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிளக் பாயிண்ட் இங்கே என் கையில் வராது, உண்மை. ஆனால் டைம்டேபிள் என் கையில் இருக்கிறது.

கிராமத்துப் பஸ்கள் எங்கள் நிறுத்தத்துக்கு வருவது ஒன்பதே கால், ஒன்பதரை. முதல் மணி ஒன்பதுக்கு. வருஷா வருஷம் வருகைப்பதிவு 75 சதவீதம் இல்லாமல் காண்டோனேஷன் கட்டணம் கட்டும் பட்டியலில் அந்தப் பக்கத்துப் பெண்கள் பெயர்தான் வரிசையாக வரும். பையன்கள் முந்தின பஸ்ஸில் படியில் தொங்கிக்கொண்டாவது வந்துவிடுவார்கள். மூன்று வருஷம் முன்பு முதல் மணியில் எல்லோருக்கும் பொதுவான வகுப்பு எதையும் வைக்காமல், நூலக மணியையும் விருப்பப் பாடங்களையும் அங்கே தள்ளினேன். அகமதிப்பீட்டுத் தேர்வு மூன்றாம் மணிக்குப் போனது. இரண்டு சீனியர் சார்களுக்கு மதியத் தூக்கம் கெட்டது. அவர்கள் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அடுத்த வருஷம் பட்டியலில் அந்தப் பெயர்கள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன. ஒரு ரூபாய் செலவில்லை, யாரிடமும் கொட்டேஷன் வாங்கவில்லை.

இதை வைத்துப் பார்த்தால் சின்ன நாற்காலிதான், ஆனால் அதில் இருப்பது முழுக்க என்னுடையது. ஐக்யூஏசியை விட இதை மேலே வைக்கிறேன், தயக்கமே இல்லாமல். மகளிர் கல்லூரி முதல்வர் பதவிக்குக் கீழே வைக்கிறேன், அந்தப் பத்தாயிரம் ரூபாய்த் தீர்மானம் உயிரோடு இருந்தால் மட்டும். இல்லாவிட்டால் இரண்டும் இடம் மாறும்.

ஆகவே செய்வது இதுதான். ஐக்யூஏசி வேண்டாம் என்று முதல்வர் சாரிடம் திங்கட்கிழமை சொல்லிவிட்டேன். "வேற யாரு இருக்கா மேடம்?" என்றார், கணிதத் துறையில் இருக்கும் ஓர் ஆண் பேராசிரியர் பெயரைச் சொன்னேன், எக்செல் அவருக்கு என்னைவிட நன்றாக வரும். முதல்வர் பதவிக்கு விண்ணப்பிக்கிறேன். நேர்காணலில் அவர்கள் கேட்டு முடித்ததும் நான் கேட்க மூன்று கேள்வி எழுதி வைத்திருக்கிறேன். என் கையெழுத்தில் எவ்வளவு வரை செலவு செய்யலாம், அது நியமன ஆணையில் வருமா? ராத்திரியில் விடுதியில் ஏதாவது என்றால் நான் யாரைக் கேட்க வேண்டும்? என் கல்லூரியில் எனக்கு லீன் (பழைய பதவிக்குத் திரும்பும் உரிமை) கிடைக்கிற வரை பொறுப்பீர்களா? முதல் கேள்விக்கு "அதெல்லாம் வந்தப்புறம் பேசிக்கலாம்மா" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவேன்.

நேற்று சான்றிதழ் நகல்களை மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் எடுக்கும்போது இளையவளும் கூட வந்தாள். நூற்று நாற்பது பக்கம், இரண்டு செட். கடைக்காரர் ஸ்பைரல் போட்டுக்கொண்டிருந்தபோது சும்மா நின்றிருந்தவள் திடீரென்று சொன்னாள்: "போனா போங்கக்கா. போறதுக்கு முன்னாடி அந்த டைம்டேபிள் ஃபைல மட்டும் சீனியர் சார்கிட்ட குடுத்துடாதீங்க. என்கிட்ட குடுத்துட்டுப் போங்க."